போன் குடுக்க முதல் பிள்ளைக்கு ஒரு வாக்குக் குடுங்க

மாரி தொடங்கினா எங்கட திருகோணமலையில பிள்ளையளுக்கு வெளியில விளையாட இடமே இல்லாமப் போயிரும், டச் பே பக்கம் கடல் அடிச்சுக்கொண்டு நிக்கும், மைதானமெல்லாம் தண்ணி, டிசம்பர் லீவும் அந்த நேரத்திலதான் வரும், அப்ப வீட்டில இருக்கிற ஒரு போன்தான் பிள்ளைக்கு மைதானம், கூட்டாளி, டீவி எல்லாம். நான் உப்புவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறன். எனக்கும் ஒன்பது வயசில ஒரு மகன் இருக்கிறான். போன மாரிக்கு எங்கட வீட்டில நடந்த ஒண்டைச் சொல்லிட்டுத்தான் மற்ற விசயத்துக்குப் போகணும், ஏனெண்டா நான் கீழ சொல்லப்போற எல்லாமே அதில இருந்து வந்ததுதான்.

மகன் என்ட போன்ல ஒரு கேம் விளையாடுவான். அதுக்குள்ள சட், அதாவது மற்ற ஆக்களோட எழுதிக் கதைக்கிற இடம், இருக்கிறது எனக்கு அப்ப தெரியாது. அதில ஒருத்தர் வந்து "தம்பி நல்லா விளையாடுறீங்க" எண்டு கதைச்சிருக்கிறார், கேமுக்குள்ள பாவிக்கிற சாமான் ஒண்டைப் பரிசா அனுப்பியிருக்கிறார், நாலைஞ்சு நாள் போக எந்தப் பள்ளிக்கூடம், வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேட்டு, கடைசியா முகத்தைப் பாக்கணும் ஒரு படம் அனுப்புங்க, அம்மாட்ட சொல்லாதீங்க எண்டிருக்கிறார். இவன் யூனிபோமோட எடுத்த படத்தை அனுப்பிட்டான். அதுக்குப் பிறகு வேற மாதிரிப் படம் கேக்கத் தொடங்க பயந்துபோனான். பயந்தவன் என்னட்ட வரல்ல. பன்னிரண்டு நாள் மனசுக்குள்ள வச்சுக்கொண்டு சாப்பிடாம, இரவில முழிச்சு முழிச்சுப் படுத்து, கடைசியா அம்மம்மாட்டத்தான் சொன்னான். ஏன் அம்மாட்ட சொல்லல்ல எண்டு அவ கேட்டதுக்கு "அம்மா போனைப் பறிச்சிருவா" எண்டானாம்.

நான் அப்பிடித்தான் சொல்லி வச்சிருந்தன். "போன்ல ஏதாவது பிரச்சினை வந்திச்சோ, பிறகு தொடவே விடமாட்டன்" எண்டு எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறன், நான் நினைச்சது அது அவனைப் பாதுகாக்கிற வசனம் எண்டு. ஆனா அந்த வசனந்தான் அவன்ட வாயைக் கட்டினது, அந்த ஆளுக்கு உதவி செய்ததும் அதுதான்.

அதால முதல் வேலை செட்டிங்ஸ் இல்ல, வாக்கு. போனைப் பிள்ளைட கையில குடுக்க முதல் பக்கத்தில இருத்தி வச்சு, சின்ன வசனத்தில, அவர் விளங்கிற மாதிரி சொல்லுங்க: "போன்ல உனக்குப் பயமா, வெக்கமா, ஒரு மாதிரியா ஏதாவது வந்தா உடன என்னட்ட வா. நீ பிழை செய்திருந்தாலும் வா. நான் அடிக்கமாட்டன், ஏசமாட்டன், சொன்னதுக்காகப் போனைப் பறிக்கமாட்டன்." அப்பாவும் இதையே சொல்லணும். அப்பா கட்டார்ல இருந்தா வீடியோ கோல்ல சொல்லட்டும். அம்மம்மா, சித்தி எண்டு வீட்டில இருக்கிற பெரிய ஆக்களுக்கும் தெரிஞ்சிருக்கணும், ஏனெண்டா பிள்ளை முதல்ல ஆரிட்டப் போகும் எண்டு எங்களால சொல்ல ஏலாது. ஒருக்காச் சொல்லிட்டு விடுறதும் காணாது, ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு மாசத்துக்கு ஒருக்காவாவது ஞாபகப்படுத்தணும்.

வாக்குக் குடுக்கிறது லேசு, காப்பாத்திறதுதான் கஷ்டம். பிள்ளை வந்து சொல்லுற அந்த நிமிசத்தில எங்களுக்கு நெஞ்சு பதறும், கை தானாப் போனைப் பறிக்கப் போகும், "ஏன்டா அனுப்பினாய்" எண்டு வாயில வந்திரும். அந்த இடத்தில ஒரு மிடறு தண்ணி குடிங்க, உண்மையாச் சொல்லுறன், போய் ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துக் குடிச்சிட்டு வந்து இருங்க. முதல் சொல்லு "சொன்னது நல்லம் மகன்" எண்டு இருக்கட்டும். பிறகு ஆர் கதைச்சது, என்ன கேட்டது, நீ என்ன அனுப்பினாய் எண்டு மட்டும் மெதுவாக் கேளுங்க. "ஏன்" எண்டு கேக்காதீங்க, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அதுக்கு மறுமொழி தெரியாது, அழத்தான் தெரியும்.

அடுத்தது உறவுமுறை. இது எங்கட ஆக்களுக்கெண்டே இருக்கிற ஒரு விசயம், இங்கிலீசுல எழுதுற பாதுகாப்பு அறிவுரை ஒண்டிலயும் நான் காணேல்ல. நாங்க பிள்ளையளை எப்பிடி வளக்கிறம்? பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவர் மாமா, கடைக்காரர் அண்ணா, தெரியாத மனுசி அன்ரி. அது எங்கட மரியாதை, அதை விடச்சொல்லி நான் சொல்லமாட்டன். ஆனா எங்கட பிள்ளைக்கு "அண்ணா" எண்ட சொல்லுக்குள்ளயே நம்பிக்கையும் சேந்து இருக்கு, அண்ணா சொன்னாக் கேக்கணும், மாமா கேட்டாக் குடுக்கணும் எண்டுதானே பழக்கியிருக்கிறம். கேமுக்குள்ள ஒருத்தர் வந்து "தம்பி" எண்டவுடன பிள்ளை அவரை அண்ணாவாக்கிப்போடும், அதுக்குப் பிறகு அவர் கேக்கிறதை மாட்டன் எண்டு சொல்லுறது மரியாதையில்லாத வேலை மாதிரி அதுக்குத் தெரியும். என்ட மகன் எனக்குச் சொன்னது அப்படியே இதுதான், "அந்த அண்ணா கேட்டவர், எப்பிடி அம்மா ஏலாது எண்டு சொல்லுறது" எண்டு.

அதனால நான் வகுப்பிலயும் வீட்டிலயும் ஒரு கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறன். எங்கட வீட்டுக்குள்ள வந்து, அம்மாவோ அப்பாவோ இருக்கேக்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர்தான் அண்ணா, மாமா, அன்ரி. போனுக்குள்ள இருந்து வாறவர் எவ்வளவு இனிப்பாக் கதைச்சாலும் தெரியாத ஆள். தெரியாத ஆளுக்கு மறுமொழி சொல்லாம விடுறது மரியாதைக்குறைவு இல்ல. இதைப் பிள்ளைக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லணும், நடிச்சும் காட்டலாம், நான் வகுப்பில ஒரு பிள்ளையைத் தெரியாத ஆளா நிக்க வச்சு "தம்பி உங்கட வீடு பாலையூற்றிலயா, லிங்கநகர்லயா" எண்டு கேக்க வைப்பன், மற்றப் பிள்ளை ஒண்டும் சொல்லாமப் போனைக் கவுட்டு வச்சிட்டு டீச்சர்ட்ட வரணும். பிள்ளையளுக்கு இந்த விளையாட்டு சரியான விருப்பம்.

தெரியாத ஆள் கேட்டா உடன ஓடி வரவேண்டிய மூண்டு கேள்வி இருக்கு. படம் அனுப்பு, வேற அப்புக்கு வா, வீட்டில சொல்லாத. இதில ஒண்டைக் கேட்டாலும் பிள்ளை யோசிக்கத் தேவையில்ல, வந்து சொன்னாச் சரி. கடைசிதான் மோசமானது. பிள்ளையட்ட "அம்மாட்ட சொல்லாத" எண்டு சொல்லுற பெரிய ஆள் போனுக்குள்ள இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டில இருந்தாலும் சரி, அதே நிமிசம் அம்மாட்ட சொல்லவேண்டிய ஆள்.

சரி, இனிப் போனுக்கு வருவம். எங்கட வீடுகள்ள பிள்ளைக்கெண்டு தனிப் போன் குறைவு, அம்மாட போன்தான் பிள்ளைட போன், அதுக்குள்ளதான் பாங்க் அப்பும் இருக்கு, ஓடிபி வாறதும் அதுக்குத்தான், வெளிநாட்டில இருக்கிற அப்பா கோல் எடுக்கிறதும் அதுக்குத்தான். அப்பிடியான போனைக் குடுக்கேக்க ஒரு அப்பை மட்டும் திறந்து பூட்டிக் குடுக்க ஏலும், கனபேருக்கு இது தெரியாது. ஆண்ட்ரொய்ட் போன்ல செட்டிங்ஸுக்குள்ள போய் மேல தேடுற இடத்தில "பின்" (pin) எண்டு அடிச்சுப் பாருங்க, அப் பின்னிங் எண்டோ ஸ்கிரீன் பின்னிங் எண்டோ வரும், அதை ஓன் பண்ணி, வெளிய வர லொக் நம்பர் கேக்கிற மாதிரியும் போட்டு விடுங்க. பிறகு பிள்ளைக்குத் தேவையான அப்பைத் திறந்து, ரீசன்ட் அப் காட்டுற இடத்தில அந்த அப்பின்ட சின்னத்தைத் தட்டினா பின் எண்டு வரும். அவ்வளவுதான், பிள்ளை அதுக்குள்ளயே நிக்கும். ஐபோன் எண்டா இதே வேலைக்கு கைடட் அக்ஸஸ் இருக்கு, சைட் பட்டனை மூண்டு தரம் அமத்தினா வரும், முதல்ல செட்டிங்ஸ்ல அக்ஸஸிபிலிட்டிக்குள்ள போய் ஓன் பண்ணி வைக்கணும். லொக் நம்பர் பிள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா இது ஒண்டுக்கும் உதவாது, அதால பிறந்த வருசத்தைப் போடாம வேற ஒண்டைப் போடுங்க.

பிளே ஸ்டோரையும் பூட்டணும். மேல வலப்பக்கம் உங்கட படத்தைத் தட்டி செட்டிங்ஸுக்குள்ள போனா பேரன்டல் கொன்ட்ரோல் எண்டு இருக்கு, அதில வயசைக் குறிச்சு ஒரு பின் நம்பர் போட்டா அந்த வயசுக்கு மேற்பட்ட அப் இறக்க ஏலாது. காசு குடுத்து வாங்கிறதுக்கு ஒவ்வொரு தரமும் பாஸ்வேர்ட் கேக்கிற மாதிரி வைக்கிறதும் அங்கதான் இருக்கு. போன்ல பாங்க் கார்ட் சேத்து வச்சிருக்கிறவை இதை இண்டைக்கே செய்யுங்க, கேமுக்குள்ள பாவிக்கிற டயமண்ட் வாங்கிறன் எண்டு பிள்ளை தட்டுறது உண்மைக் காசு எண்டு அதுக்குத் தெரியாது. "ப்ரீ டயமண்ட்" எண்டு வாற லிங்க் எல்லாம் உங்கட எக்கவுண்டைப் பறிக்கிறதுக்குத்தான், இலவசமா ஒருத்தரும் தாறதில்ல எண்டு பிள்ளைக்குச் சொல்லி வையுங்க.

பழைய போனோ டாப்போ பிள்ளைக்கெண்டு குடுத்திருக்கிறவை கூகிள் பேமிலி லிங்க்கைப் பாருங்க, இலவசம்தான், பிள்ளைட பேர்ல உண்மையான பிறந்த திகதியோட ஒரு எக்கவுண்ட் திறந்து உங்கட போன்ல இருந்தே நேரம் குறிக்கலாம், இரவில பூட்டலாம், புது அப் இறக்க உங்கட்ட அனுமதி கேட்டுத்தான் வரும். இதில ஒரு விசயம் எனக்கு மனவருத்தம். கனபேர் பிள்ளைட வயசைக் கூட்டிப் போட்டு எக்கவுண்ட் திறந்து குடுக்கினம், பேஸ்புக், டிக்டொக், இன்ஸ்டகிராம், வட்சப் எல்லாத்துக்கும் 13 வயசு வேணும் எண்டதால. அந்த 13 எங்க இருந்து வந்ததெண்டா அமெரிக்காவில 1998ல பிள்ளையளின்ட தகவலைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டவை, 13 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைட விபரம் எடுக்கிறதெண்டா தாய் தகப்பன்ட அனுமதி வேணும் எண்டு, அதுக்குப் பிறகு கொம்பனிகள் 13ஐ எல்லையா வச்சிட்டுதுகள். நீங்க எட்டு வயசுப் பிள்ளைக்கு 2003ல பிறந்தது எண்டு போட்டா அந்த அப் பிள்ளையைப் பெரிய ஆள் எண்டு நினைச்சுத்தான் நடத்தும், பெரிய ஆளுக்குக் காட்டுறதைக் காட்டும், பெரிய ஆக்களோட கதைக்க விடும். பிள்ளைக்கெண்டு வச்சிருக்கிற வேலியை நாங்களே கழட்டிக் குடுக்கிற மாதிரி அது.

யூடியூப்ல செட்டிங்ஸுக்குள்ள ரெஸ்ட்ரிக்டட் மோட் எண்டு ஒண்டு இருக்கு, போட்டு விடுங்க, ஆனா அதை நம்பிப் படுக்கப் போகாதீங்க, எல்லாத்தையும் பிடிக்காது. அதை விட உதவி செய்யுறது ஓட்டோபிளேயை நிப்பாட்டுறது, வீடியோ ஓடேக்க மேல ஒரு சின்ன சுவிச் இருக்கும். ஒரு வீடியோ முடிஞ்சா அடுத்தது தானா வராம நிக்கும், நிண்டாத்தான் பிள்ளைக்கு எழும்புற வழி கிடைக்கும். சோர்ட்ஸ் எண்ட குட்டி வீடியோக்கள் முடிவே இல்லாம வந்துகொண்டிருக்கும், சின்னப் பிள்ளைக்கு அதை நிப்பாட்டுற பலம் இல்ல, பெரிய எங்களுக்கே இல்லையே. "பத்து நிமிசம் பார்" எண்டு சொல்லாம "மூண்டு வீடியோ பார், பிறகு கொண்டு வந்து தா" எண்டு சொல்லிப் பாருங்க, நேரம் தெரியாத பிள்ளைக்கும் எண்ணத் தெரியும். பாடத்துக்கு எண்டா தேடவே விடாதீங்க, கல்வி அமைச்சின்ட ஈ-தக்சலாவ தளத்தில தமிழ்ல தரம் தரமாப் பாடம் இருக்கு, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட தளத்தில பாடப்புத்தகம் எல்லாம் பிடிஎப்பா இலவசமா இருக்கு, ரெண்டையும் போன்ட முதல் பக்கத்தில வச்சு விட்டா பிள்ளை நேர அங்க போகும்.

வட்சப்தான் எங்கட ஊர்ல பெரிய கதை. 2020ல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டினவுடன எல்லா வகுப்புக்கும் குரூப் தொடங்கினம், நானும் தொடங்கினன், அது இன்னும் ஓடுது, இப்ப ரியூசன் குரூப், அறநெறி குரூப், ஸ்போட்ஸ் மீட் குரூப் எண்டு ஒரு பிள்ளைட பேர்ல ஆறு ஏழு குரூப். அம்மாட நம்பர்ல பிள்ளைட படத்தைப் புரொபைலா வச்சு "இன்னாற்ற அம்மா" எண்டு பேரும் போட்டிருக்கிறம், முன்பின் தெரியாத இருநூறு பேர் அதைப் பாக்கினம். செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள போய் புரொபைல் போட்டோவை மை கொன்டக்ட்ஸ் எண்டு மாத்துங்க, அதே இடத்தில குரூப்ஸ் எண்டு இருக்கிறதையும் அப்பிடி மாத்தினா தெரியாத ஆள் உங்கட நம்பரைக் குரூப்பில சேக்க ஏலாது. கோல்ஸ் எண்ட இடத்தில தெரியாத நம்பர் கோலைச் சத்தமில்லாமப் பண்ணவும் ஏலும், பிள்ளை விளையாடேக்க கோல் வந்து தூக்கிக் கதைக்கிறது இதோட நிண்டிரும். டூ ஸ்டெப் வெரிபிகேசனைப் போட்டு ஆறு இலக்க நம்பர் ஒண்டும் வையுங்க. "பிழையா உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பி விடுங்க" எண்டு தெரிஞ்ச ஆக்கள்ட நம்பர்ல இருந்தே மெசேஜ் வரும், பிள்ளை கையில போன் இருந்தா நல்ல பிள்ளையா அனுப்பிரும், உங்கட வட்சப் போயிரும். போனுக்கு வாற நம்பர் ஒண்டையும் ஒருத்தருக்கும் சொல்லுறதில்ல, மாமாக்கும் இல்ல, டீச்சருக்கும் இல்ல எண்டு பழக்குங்க.

இனிப் பெரிய ஆக்களுக்கு, முக்கியமா என்னைப்போல டீச்சர்மாருக்கு. புலமைப்பரிசில் ரிசல்ட் வந்த அண்டைக்குப் பாருங்க, பிள்ளைட படம், முழுப்பேர், பள்ளிக்கூடம், புள்ளி, சில நேரம் சுட்டெண் வரைக்கும் போட்டு பேஸ்புக் முழுக்க வாழ்த்து. சந்தோசந்தான், நானும் போட்டிருக்கிறன், இப்ப போடுறதில்ல. தெரியாத ஆள் ஒருத்தர் பிள்ளையை ஏமாத்தத் தேவையான எல்லாத்தையும் நாங்களே ஒரு படத்தில எழுதிக் குடுக்கிறம். புள்ளி குறைஞ்ச பிள்ளையும் அதே படத்தைப் பாக்குது, அதையும் யோசிக்கணும். வாழ்த்துறதெண்டா பிள்ளைட முன்பேரோட நிப்பாட்டுங்க, யூனிபோம், பட்ஜ் தெரியாத படமாப் போடுங்க, போட முதல் பிள்ளையட்டயும் ஒருக்காக் கேளுங்க. நாங்க கேட்டாத்தான் பிள்ளையும் நாளைக்கு மற்றவையின்ட படம் போட முதல் கேட்டுப் பழகும்.

எந்தப் படம் அனுப்பலாம் எண்டு பிள்ளைக்கு விளங்கப்படுத்த நான் மான் கதை சொல்லுறனான். பிரெட்ரிக் கோட்டைக்குள்ள மானுக்குப் பக்கத்தில நிண்டு எடுத்த படத்தைப் பாத்தா என்ன தெரியும்? கோணேசர் கோயிலுக்கு வந்தவை ஆயிரம் பேர் அங்க நிண்டு எடுக்கினம், உன்னைப் பற்றி ஒண்டும் தெரியாது. உன்ட வீட்டு கேற்றுக்கு முன்னால யூனிபோமோட நிண்டு எடுத்த படத்தில? வீட்டு நம்பர், பள்ளிக்கூடம், பின்னால நிக்கிற ஓட்டோவின்ட நம்பர், எல்லாம் தெரியும். பிறகு பிள்ளையளையே ரெண்டு படம் பாத்து என்னென்ன தெரியுதெண்டு கண்டுபிடிக்கச் சொல்லுவன், எனக்குத் தெரியாததெல்லாம் கண்டுபிடிக்குங்கள், ஒரு பிள்ளை யன்னல் வழியாத் தெரிஞ்ச கடைப் போட்டை வாசிச்சு வீதிட பேரையே சொல்லிச்சு. கமராட செட்டிங்ஸ்ல லொகேசன் எண்டு ஒண்டு இருக்கு, அதையும் ஓப் பண்ணி விடுங்க.

எங்கட பிள்ளைக்கு நடக்கிறதைப் பற்றி மட்டும் கதைச்சாக் காணாது, எங்கட பிள்ளை மற்றப் பிள்ளைக்குச் செய்யுறதும் இருக்கு. என்ட வகுப்பில ஒரு பிள்ளை வாயைத் திறந்து நித்திரை கொண்டதை இன்னொரு பிள்ளை சூம் வகுப்பில ஸ்கிரீன்சொட் எடுத்து ஸ்டிக்கராக்கிட்டுது. ஒரு கிழமை அந்த ஸ்டிக்கர் ஓடிச்சு, பெரிய ஆக்களும் சிரிச்சு அனுப்பினவை, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரமாட்டன் எண்டு நிண்ட பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. நான் செய்தவரை தண்டிக்கல்ல, அவரையும் அவற்ற அம்மாவையும் கூப்பிட்டு, வச்சிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அவரே மெசேஜ் போட்டு அழிக்கச் சொல்ல வச்சனான். மூண்டு நாள் எடுத்தது, அப்பவும் எல்லாம் அழிஞ்சிருக்காது. அனுப்பின ஒண்டைத் திருப்பி எடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு அந்தப் பிள்ளைக்கு அந்த மூண்டு நாள்ல விளங்கிச்சு. எங்கட ஊர்ல தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளையள் பக்கத்துப் பக்கத்தில வளருதுகள், ஒருத்தற்ற சமயத்தையோ ஆக்களையோ கேவலப்படுத்தி வாற வீடியோவைப் பிள்ளை சிரிப்பெண்டு நினைச்சு அனுப்பிரும், அது பெரிய ஆக்கள்ட குரூப்பில இருந்துதான் அதுட கண்ணுக்கு வந்திருக்கும், அதால உங்கட போன்ல வாறதை முதல்ல நீங்க துடையுங்க.

பொய்ச் செய்தியும் இங்க வேற மாதிரிப் பாரதூரம். 2004 டிசம்பர் 26 கண்ட ஊர் இது. இண்டைக்கும் கடல் உள்ள போகுதாம் எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தாக் காணும், அம்மம்மாமார் சாமான் கட்டத் தொடங்கிருவினம், பிள்ளை நடுங்கும். 2020 டிசம்பர் 2 புரேவிப் புயல் எங்கட பக்கம் கரை தட்டேக்க வந்த வொய்ஸ்ல எது உண்மை எது பொய் எண்டு பிரிக்கவே ஏலாம இருந்தது. பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுங்க: ஆர் சொன்னது, எண்டைக்குச் சொன்னது எண்டு இல்லாத மெசேஜை நாங்க அடுத்த ஆளுக்கு அனுப்பமாட்டம். சுனாமி எச்சரிக்கை சொல்லுறது வளிமண்டலவியல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிச்சுக் கேக்கலாம். ஒருக்காப் பிள்ளையைப் பக்கத்தில வச்சுக்கொண்டே அடிச்சுக் கேட்டுக் காட்டுங்க, வந்ததை நம்ப முதல் கேட்டுப் பாக்கிற பழக்கம் அதோட வந்திரும். ஆனா நிலம் பலமா நடுங்கினாலோ கடல் உள்ள போறதை உங்கட கண்ணாலயே கண்டாலோ ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்காம மேட்டுக்கு ஓடணும், அதையும் சேத்துச் சொல்லுங்க.

எவ்வளவு நேரம் குடுக்கலாம் எண்டு எல்லா அம்மாமாரும் கேப்பினம். உலக சுகாதார நிறுவனம் 2019ல அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குத்தான் கணக்குச் சொல்லியிருக்கு, ஒரு வயசுக் குழந்தைக்கு வேண்டாம், ரெண்டில இருந்து நாலு வரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு நான் நிமிசம் எண்ணுறதில்ல, இடத்தைத்தான் பாக்கிறன். போன் ஹோலுக்குள்ளதான், அறைக்குள்ள இல்ல, நுளம்பு வலைக்குள்ள இல்லவே இல்ல. இரவில குசினியில சார்ஜ் போடுறது, என்ட போனும் அங்கதான், அப்பாட போனும் அங்கதான். ஹெட்போன் போட்டு கேம் விளையாடுறதில்ல, சத்தம் எனக்கும் கேக்கணும், கேமுக்குள்ள ஆர் என்ன கதைக்கினம் எண்டு அப்பதான் தெரியும். எழுதிக் கதைக்கிற சட் பகுதியையும் வொய்ஸையும் நிப்பாட்ட ஏலுமான கேம் எண்டா நிப்பாட்டுங்க, ஏலாதெண்டா அந்த கேம் வேண்டாம். கேமில வைக்கிற பேர்ல சொந்தப் பேரோ பிறந்த வருசமோ ஊரோ இருக்கக்கூடாது.

இவ்வளவும் செய்தும் ஏதாவது நடந்திட்டா, ஒண்டையும் அழிக்காதீங்க. எனக்கு முதல்ல வந்த எண்ணம் கேமை அழிக்கிறதுதான், நல்ல காலம் என்ட தம்பி பிடிச்சு நிப்பாட்டினான். மெசேஜ், அந்த ஆள்ட பேர், எக்கவுண்ட், திகதி எல்லாம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்சொட் எடுங்க, பிறகு அதே அப்புக்குள்ள ரிப்போட் பண்ணி, பிறகு புளொக் பண்ணுங்க, இந்த ஒழுங்கு முக்கியம். அந்த ஆளுக்கு ஏசி மெசேஜ் போடாதீங்க, உசாராகி எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போயிருவார். காசு கேட்டு வெருட்டினாக் குடுக்காதீங்க, குடுத்தா திரும்பத் திரும்பக் கேப்பினம். பிள்ளைட மோசமான படம் ஏதாவது வெளிய போயிருந்தா அந்தப் படத்தைச் சாட்சிக்கெண்டும் ஒருத்தருக்கும் அனுப்பக்கூடாது, சொந்தக்காரருக்கும் இல்ல, போன்ல இருக்கிறபடியே கொண்டுபோய்ப் பொலிசில காட்டுங்க.

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ட நம்பர், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ்ல கதைக்கலாம், காசில்ல. பொலிசின்ட சிறுவர் மகளிர் பிரிவுக்கு 109. எக்கவுண்ட் பறிபோறது, பொய் எக்கவுண்ட் திறக்கிறது மாதிரிப் பிரச்சினைக்கு, கணினிப் பாதுகாப்பைப் பாக்கிற ஸ்ரீலங்கா சேர்ட் எண்ட அரச நிறுவனத்துக்கு 101. நேர போய்க் கதைக்கணும் எண்டா உங்கட பிரதேச செயலகத்தில சிறுவர்களுக்கான உத்தியோகத்தர்மார் இருக்கினம், போய்க் கேளுங்க. "ஊர் என்ன சொல்லும்" எண்டு மூடி வைக்கிறவையைக் கனக்கக் கண்டிருக்கிறன், குறிப்பாப் பொம்பிளைப் பிள்ளை எண்டா. அந்த மூடி வைக்கிறதைத்தான் அந்த ஆக்கள் நம்பி இருக்கினம், ஒரு பிள்ளையோட நிப்பாட்டாம அடுத்த பிள்ளைட்டப் போறதும் அதாலதான்.

மகன் இப்பவும் போன் பாவிக்கிறான், நான் பறிக்கல்ல. அவனும் கிண்ணியாவில இருக்கிற கூட்டாளி ரெண்டு பேரும் மட்டும், நேர தெரிஞ்ச ஆக்கள் மட்டும் விளையாடுற மாதிரி ஒண்டைப் பாத்துப் போட்டுக் குடுத்திருக்கிறன். ரெண்டு கிழமைக்கு முதல் குசினிக்குள்ள ஓடி வந்து "அம்மா, தெரியாத ஒருத்தர் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார், நான் தட்டல்ல" எண்டு காட்டினான், நான் கையில இருந்த தேங்காய்ப்பாலை வச்சிட்டு அவனோட இருந்து புளொக் பண்ணினன். 1929ஐப் பிள்ளையைக் கொண்டே ஒரு தாள்ல பெருசா எழுதுவிச்சு அதுக்கு எட்டுற உயரத்தில ஒட்டி விடுங்க, எங்கட வீட்டில அது பிரிட்ஜ் கதவில இருக்கு, அவன்ட எழுத்து, 9 ரெண்டும் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும்.